1940களில் மரின் சிட்டியில் வாழ்ந்த என் குடும்பத்தைப் பற்றித் தேடுகிறேன். அந்த ஊரின் நகராட்சிப் பதிவேடு எங்கே?

அந்த ஊருக்கு நகராட்சியே கிடையாது. அதனால் நீங்கள் தேடும் 1940களின் நகராட்சிப் பதிவேடும் இல்லை. கலிபோர்னியாவின் மரின் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நேரடியாக நிர்வகிக்கும் குடியிருப்பு அது. சொத்து ஆவணங்கள் சான் ரஃபேலில் உள்ள கவுண்டி அலுவலகத்தில்தான்.

குழப்பத்துக்குக் காரணம் அஞ்சல் முகவரியாக இருக்கலாம். பக்கத்து ஊரான சாசலிட்டோவின் 94965தான் மரின் சிட்டிக்கும் அஞ்சல் குறியீடு. முகவரியில் சாசலிட்டோ என்று இருந்தாலும், வீடு அந்த நகர எல்லைக்கு வெளியே இருந்திருக்கும்.

1940 மக்கள்தொகைக் கணக்கை விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்காகக் கப்பல் கட்டிய மரின்ஷிப் தளத்துத் தொழிலாளர்களுக்காக 1942இல்தான் ஊரே எழுந்தது. 1945இல் வேலை முடிந்ததும் வெள்ளையர்கள் பலர் வெளியேறினார்கள். கறுப்பினக் குடும்பங்களுக்குச் சுற்றியிருந்த ஊர்களில் வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுத்தார்கள்; நிறையப் பேர் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஊரின் வரலாற்றில் மிக முக்கியமான, மனதை வருத்தும் பகுதி இதுதான். எனவே உங்கள் குடும்பமும் அப்படித் தங்கியிருந்தால், 1950 மக்கள்தொகைக் கணக்கில் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. பெயரை வைத்துத் தேடுங்கள். மாவட்டமாக மரின் கவுண்டியைக் கொடுங்கள், ஊர்ப் பெயரைக் காலியாக விடுங்கள். அப்புறம், உள்ளூர் வரலாற்று ஆவணங்களை வைத்திருக்கும், கவுண்டி நூலகத்தின் ஆன் டி. கென்ட் கலிபோர்னியா அறைக்கும் எழுதிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: போர்க்கால வீடுகள் தற்காலிகமானவை. பின்னர் அவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பழைய தெரு எண்ணை இன்றைய வரைபடத்தில் பொருத்திப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.