பேட்லேண்ட்ஸுக்குத் தனியாகக் காரில் போகலாமா? வழியெல்லாம் வெறும் புல்வெளிதானாமே?

கேள்வி: மினியாபொலிஸிலிருந்து தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குத் தனியாகக் காரோட்டிப் போக ஆசை. "வழியில் ஒன்றுமே இல்லை, ரேபிட் சிட்டிக்கு ஃபிளைட் பிடி" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

காரிலேயே போங்கள். ஃபிளைட்டில் போனாலும் பேட்லேண்ட்ஸைப் பார்க்கலாம்தான். ஆனால் அது என்ன என்பது பிடிபடாது.

படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதை ஒரு மலைத்தொடர் என்று நினைத்துக்கொண்டு, இதோ தெரியும் அதோ தெரியும் என்று தேடிக்கொண்டே வருவார்கள். தெரியவே தெரியாது. மணிக்கணக்காக ஓட்டி வந்த அதே புல்தரை, வடகிழக்கு நுழைவாயிலைத் தாண்டிய சற்று நேரத்தில் கண்ணெதிரே சட்டென்று முடிந்துவிடும். அங்கே எதுவும் மேலே எழும்பி நிற்கவில்லை, தரைதான் அரித்துக் கீழே போயிருக்கிறது. சில மண்மேடுகளின் உச்சியில் குடுமி மாதிரிப் புல் மிச்சமிருக்கும். ஒரு காலத்தில் தரை இருந்த மட்டம் அதுதான். புல்வெளியை ஓட்டிக் கடந்து வந்தவருக்கு இது சொல்லாமலே புரியும்.

மொத்தம் 500 மைலுக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள். மினசோட்டா எல்லையிலிருந்து மிசௌரி ஆறு வரை சோளமும் சோயாவும்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். ஐ-90 நெடுஞ்சாலையில் தெற்கு டகோட்டாவின் எக்சிட் எண்கள் வயோமிங் எல்லையிலிருந்து மைல் கணக்கில் வருபவை. அதனால் 400க்கு மேலே தொடங்கி மேற்கே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பேட்லேண்ட்ஸுக்குத் திரும்புவது 131. தனியாக ஓட்டுகிறவருக்கு அந்த எண்கள்தான் பேச்சுத்துணை.

சேம்பர்லைன் ஊரில் மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. பனியுகத்தின் பனிப்பாளங்கள் ஏறத்தாழ அந்த ஆறு வரைதான் வந்தன. கிழக்குக் கரை உழவு நிலம், மேற்குக் கரை மேய்ச்சல் நிலம். மேற்கே வேலிகளும் மாடுகளும் காற்றும்தான். முதல் இரவை இங்கேயே கழித்தால் மறுநாள் காலை இரண்டு மணி நேரத்தில் பூங்காவில் இருக்கலாம். வழியில் கடிகாரம் வேறு ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது உங்களுக்கு லாபம்.

பெரும்பாலானவர்கள் பூங்காவின் லூப் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு இடத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு, வால் ஊரில் டோனட் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த டோனட் கடையை நான் குறை சொல்லமாட்டேன். 1930களின் பஞ்ச காலத்தில் இலவச ஐஸ் தண்ணீர் என்று போர்டு வைத்தே பிழைத்துக்கொண்ட மருந்துக்கடை அது. ஆனால் நண்பகல் வெயிலில் பேட்லேண்ட்ஸ் வெளுத்த சாம்பல் நிறம்தான். மாலை ஐந்துக்கு மேல்தான் சிவப்புக் கோடுகள் வெளியே வரும். அந்தக் கோடுகள் பழங்கால மண். அடியில் கறுப்பாகத் தெரிவது கடலடிச் சேறு. அந்தக் கடல் வற்றியபின் அதே சேறு வெளியில் காய்ந்து மண்ணானதுதான் யெல்லோ மவுண்ட்ஸ் என்ற மேடுகளின் மஞ்சள். இந்தச் சரிவுகள் ஆண்டுக்கு ஓர் அங்குலம் அளவுக்குக் கரைகின்றன. கரையக் கரையப் புதைபடிவங்கள் தலைகாட்டும். 2010இல் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே, வாளைப் போன்ற பல்லுள்ள பூனையொத்த விலங்கு ஒன்றின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தது ஏழு வயதுச் சிறுமி. நீங்கள் எதையாவது பார்த்தால் தொடாமல் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

"ஒன்றுமே இல்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். எக்சிட் 116இல் இறங்கினால் வேலி போட்ட ஒரு துண்டு நிலம் இருக்கும். உள்ளே கண்ணாடி மூடிக்குக் கீழே மினிட்மேன் என்ற அணு ஏவுகணை ஒன்று நிற்கிறது. இந்த ரக ஏவுகணை சுமந்த அணுகுண்டு ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஏறத்தாழ 80 மடங்கு. தெற்கு டகோட்டாவின் மேற்குப் பக்க மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இப்படி 150 ஏவுகணைகள் 1990களின் தொடக்கம் வரை இருந்தன. பூங்காவின் தெற்குப் பகுதியோ லக்கோட்டா பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய பைன் ரிட்ஜ் நிலம். 1942இல் குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று அதில் 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டு, குடியிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். அதற்கும் முன்னால், 1890 டிசம்பர் குளிரில், பிக் ஃபுட் என்ற லக்கோட்டா தலைவரின் கூட்டம் பேட்லேண்ட்ஸின் சுவர் போன்ற இந்தச் சரிவைத் தாண்டித்தான் தெற்கே இறங்கியது. டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் அவர்களைச் சுட்டுத் தள்ளியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட. அந்தப் புல்வெளி தானாகக் காலியானதல்ல.

தனியாகப் போவது பாதுகாப்பா? மனிதர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. கவனம் வேண்டியது வேறு விஷயங்களில். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினாலே நிரப்பிவிடுங்கள். வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துவையுங்கள், சிக்னல் அடிக்கடி போகும். இருட்டும் நேரத்தில் மான் குறுக்கே பாயும். இந்தப் பூங்காவில் பாதையை விட்டு எங்கு வேண்டுமானாலும் நடக்க அனுமதி உண்டு. அதனாலேயே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் கால் வைக்க விடாது. நிழல் கிடையாது, விரியன் பாம்பு உண்டு.

சேஜ் கிரீக் மண் ரோட்டை விட்டுவிடாதீர்கள். அங்கே பைசன் கூட்டம் ரோட்டை மறித்து நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஹாரன் அடிக்கக்கூடாது, 100 கஜத்துக்குள் நடந்து நெருங்கவும் கூடாது. ரோட்டோரத்தில் புல்வெளி நாய்கள் எனப்படும் அணில் இனக் குட்டி விலங்குகள் வளைக்கு வளை நின்று கீச்சிட்டுக் கொண்டிருக்கும். அங்குள்ள முகாம் இலவசம், ஆனால் குடிதண்ணீர் கிடையாது. கேனில் எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன், சைவக்காரர்களுக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கைத் தவிர வேறு கதியில்லை.

ஜூனில் போனால் பச்சை, கூடவே இடியும் ஆலங்கட்டியும். என் ஓட்டு செப்டம்பருக்கு. ஆகஸ்ட் தொடக்கத்தில் மட்டும் வேண்டாம், ஸ்டர்ஜிஸ் ஊரில் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரத்தில் மோட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும்.