கேடன்சா: இடது கையிலிருந்து தொடங்குவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் கிரேடு முடித்துவிட்டு, இப்போது மொசார்ட்டின் சி மேஜர் பியானோ கன்செர்ட்டோவின் (கே. 467) முதல் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவின் பங்கை இரண்டாவது பியானோவில் ஒரு தோழி வாசிக்கிறாள். முடிவுக்குச் சற்று முன்னால் எல்லாரும் நின்றுவிட, பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் கேடன்சா வருகிறது. என் புத்தகத்தில் பிற்காலத்தவர் ஒருவர் எழுதிய கேடன்சா அச்சாகியிருக்கிறது. அதை ஒரு நோட்கூடப் பிசகாமல் மனப்பாடம் செய்யச் சொல்கிறார் டீச்சர். மொசார்ட் அந்த இடத்தில் மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தார் என்று படித்தேன். அதைச் சொன்னதற்கு, "அதெல்லாம் ஜீனியஸ்கள் விஷயம்" என்று பதில் வந்தது.

எங்கள் வீட்டில் எப்போதும் கர்நாடக சங்கீதம் ஓடிக்கொண்டிருக்கும். பதினாறு வயதுப் பிள்ளைகள் கல்பனாஸ்வரம் பாடுகிறார்கள், யாரும் அவர்களை ஜீனியஸ் என்பதில்லை. பியானோவில் மட்டும் ஏன் இப்படி? நானாக முயன்றால் ஐந்தாவது விநாடியில் கை நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் சினிமா பின்னணி இசை மாதிரி ஆகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

எம்.

*

அன்புள்ள எம்.,

ஐந்தாவது விநாடியில் கை நிற்பதற்குக் காரணம், இடது கைக்குப் போகுமிடம் தெரியாததுதான். வலது கைக்குக் கற்பனை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பலர் இன்னும் வேகமான ஸ்கேல்களைச் சாதகம் செய்கிறார்கள். வேகம் வந்துவிடுகிறது, கை மட்டும் ஆறாவது விநாடியில் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கீபோர்டு மனோதர்மத்தைக் கற்றுக்கொடுத்த வழி பேஸ் எனும் அடிச்சுரத்திலிருந்துதான் தொடங்கியது.

கற்றுக்கொடுத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நேப்பிள்ஸ் நகரத்து கன்சர்வேட்டரிகள், அதாவது இசைப் பள்ளிகள், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிகளாகத் தொடங்கியவை. அங்கே ஃபிரான்செஸ்கோ டுரான்டேயும், அவருக்குப் பின் ஃபெடெலே ஃபெனரோலியும் சிறுவர்களுக்குக் கொடுத்த பாடத்தின் பெயர் பார்ட்டிமெந்தோ. தாளில் ஒற்றை வரி பேஸ் மட்டும் இருக்கும். அதன் மேலே வரவேண்டிய அத்தனையையும் பையன் கீபோர்டில் உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்க வேண்டும். சி.பி.இ. பாக் 1762இல் வெளியிட்ட தம் கீபோர்டு நூலின் இரண்டாம் பாகத்தை ஃபான்டசியா (கட்டற்ற கற்பனை வாசிப்பு) பற்றிய அத்தியாயத்தோடு முடிக்கிறார். முதலில் பேஸின் எலும்புக்கூட்டைக் காட்டுகிறார், பிறகு அதன்மேல் சதை பிடித்த முழு ஃபான்டசியாவையும் அச்சிட்டுத் தருகிறார். விரல் பயிற்சிகளால் உங்களுக்குத் தெரிந்திருக்கும் அதே கார்ல் செர்னி, 1829இல் தம் ஓபஸ் 200ஐ மனோதர்மத்துக்கான பாடநூலாகவே எழுதினார். ஜீனியஸ்களுக்குப் பாடநூல் எதற்கு? இவை படித்துத் தேறக்கூடிய மாணவர்களுக்காக எழுதப்பட்டவை.

இனி உங்கள் கன்செர்ட்டோவுக்கு வருவோம். 1785 மார்ச்சில் எழுதப்பட்ட இந்த கே. 467க்கு மொசார்ட்டின் சொந்தக் கேடன்சா எதுவும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முந்தைய டி மைனர் கன்செர்ட்டோவுக்கும் (கே. 466) அப்படித்தான், அதற்கு பீத்தோவன் எழுதியதைத்தான் இன்று பலரும் வாசிக்கிறார்கள். ஆகவே நீங்கள் சொந்தமாக வாசித்தால் மொசார்ட்டின் எந்தச் சுரத்தையும் மீறியதாகாது. அந்த இடத்தை அவர் காலியாக விட்டிருக்கிறார். அச்சிட்ட கேடன்சாவும் இன்னொருவர் அதை நிரப்பியதுதான்.

கேடன்சா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) வந்து நிற்கிறது: கீழே ஜி, அதற்கு மேல் சி, இ. கேட்பதற்கு சி மேஜர் போலத்தான் இருக்கும், ஆனால் அடியில் சி இல்லாததால் கால் ஊன்றாமல் தொங்குகிறது. இது இறங்க வேண்டிய இடம் ஜி–பி–டி–எஃப், அதன் பிறகு சி. உங்கள் கேடன்சா முழுவதும் இந்த இரண்டு கார்டுகளுக்கு நடுவே செருகப்பட்ட ஓர் இழுப்பு. ஜி–சி–இயில் ஆரம்பித்து, டி சுரத்தில் நீண்ட டிரில்லோடு (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) முடிகிறது. டிரில் சியில் விழும்போது ஆர்கெஸ்ட்ரா சேர்ந்துகொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் முதல் விதி தானாக வந்துவிடும். நடுவில் எங்கேயும் சியை அடியில் வைத்து முழு சி மேஜர் கார்டில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் பயணம் முடிந்துபோகும். அதன்பின் எத்தனை ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது) வாசித்தாலும், விடைபெற்ற விருந்தாளி வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பது போலத்தான் இருக்கும். கேடன்சாக்கள் சலிப்பூட்டுவதற்கு முதற்காரணம் இதுதான்.

கல்பனாஸ்வரத்தோடு ஒப்பிட்டீர்கள். ஒரு விஷயத்தில் ஒப்புமை மிகச் சரி. தனி ஆவர்த்தனத்தில் மோராவும் கோர்வையும் வரும்போது பாடகர் தயாராகிறாரே, அந்த வேலையை இங்கே டிரில் செய்கிறது. அடித்தளம்தான் வேறு. அங்கே தம்புராவின் ஸட்ஜம் அசையாமல் நிற்க, கற்பனை அதன்மேல் உலவுகிறது. இங்கே அடிச்சுரமே நகர்கிறது, அந்த நகர்வில்தான் இழுவிசை பிறக்கிறது. ஸ்வரம் பாடிப் பழகிய காதோடு பியானோவில் உட்கார்ந்தால் வலது கை ராகம் போல ஓடும், இடது கை ஒரே கார்டில் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் சினிமா பின்னணி இசை வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

சாதகத்தை ஆக்டேவ் விதியிலிருந்து தொடங்குங்கள். பேஸ் ஒரு ஸ்கேலாக ஏறி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் எந்தக் கார்டு என்பதைச் சொல்லும் பழைய வாய்பாடு இது. இடது கை சியிலிருந்து மேலே போகட்டும். சிக்கு மேல் இ–ஜி. டிக்கு எஃப்–ஜி–பி. இக்கு ஜி–சி. எஃப்புக்கு ஏ–சி–டி. ஜிக்கு பி–டி. ஏக்கு சி–எஃப். பிக்கு டி–எஃப்–ஜி. பிறகு மேல் சி. இறங்கும்போது சில படிகள் மாறும். பிக்கு டி–ஜி மட்டும். ஏக்கு சி–டி–எஃப் ஷார்ப். ஜிக்குள் நம்மைத் தள்ளிவிடுவது இந்த எஃப் ஷார்ப்தான். ஜி பழையபடி. எஃப்புக்கு ஜி–பி–டி, இது இயில்தான் இறங்க வேண்டும், வேறெங்கும் தாவக் கூடாது. இயும் டியும் ஏறும்போது போலவே. மெட்ரோனோம் 60, ஒரு கார்டுக்கு இரண்டு தட்டு, தினம் பத்து நிமிடம். சி, ஜி, எஃப் மேஜர்களிலும் சி, டி மைனர்களிலும் தடங்கலில்லாமல் வர சில வாரங்கள் ஆகும். இந்த வாரங்களில் கேடன்சாவைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஐங்காங். கேடன்சாவின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி–பி–டி–எஃப் கார்டில் இசை நிற்கும், அடுத்த மெட்டுக்கு வழிவிடும் ஒரு சிறு ஓட்டத்தை நீங்கள் தர வேண்டும். உங்கள் முதல் பகுதியிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. பியானோ முதன்முதலாக நுழைந்து, தயங்கித் தயங்கி ஒரு ஃபெர்மாட்டாவில் (தாளத்தை நிறுத்தி இழுக்கச் சொல்லும் குறியில்) நிற்கும். அதன் பிறகு வயலின்கள் மார்ச் மெட்டை எடுக்க, பியானோ மேலே டிரில் பிடிக்கும். அந்த ஃபெர்மாட்டாவில் வலது கை மட்டும், பதினைந்து இருபது சுரங்கள், ஒரே மூச்சு. மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் எடுத்து, இறங்கும் முன் மறுபடி தயங்க வேண்டும். மூன்றே சுரங்களை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: தொடக்கம் எஃப், உச்சம் ஏ, இறுதி ஜி. இடையில் என்ன என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். மேடைக்கு முதலில் கொண்டுபோக வேண்டியது இதைத்தான். தவறினாலும் மூன்று விநாடிதான்.

இப்போது கேடன்சா. மொசார்ட் தம் பிற கன்செர்ட்டோக்களுக்கு எழுதிவைத்த முதல் பகுதிக் கேடன்சாக்களைப் பாருங்கள், ஏறக்குறைய முப்பது பார் (தாள அலகு) தான் வரும். கே. 488க்கு உரியதை ஸ்கோருக்குள்ளேயே எழுதியிருக்கிறார், அதிலிருந்து தொடங்கலாம். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமானால் போதும்.

முதல் நான்கு பார் தொங்கும் கார்டின் மேலேயே நில்லுங்கள். ஆர்பெஜியோவோ, ஒரு ஸ்கேல் பாய்ச்சலோ எதுவானாலும் சரி. பிறகு மார்ச் மெட்டின் முதல் இரண்டு பார் மட்டும். முழு மெட்டையும் எடுக்காதீர்கள், மெட்டு முடிந்தால் சியில் உட்கார வைத்துவிடும். அந்தத் துண்டைப் படி ஏற்றுங்கள்: பேஸ் இ–எஃப், அதன் மேல் சி ஏழாம் கார்டு (சி–இ–ஜி–பி ஃபிளாட்) எஃப் மேஜருக்குப் போகட்டும். அடுத்து ஒரு படி மேலே பேஸ் எஃப் ஷார்ப்–ஜி, டி ஏழாம் கார்டு (டி–எஃப் ஷார்ப்–ஏ–சி) ஜிக்குப் போகட்டும். 18ஆம் நூற்றாண்டில் இதன் பெயர் மோன்டே, அதாவது மலை. எட்டு பார் இதில் போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த இடம். இந்தப் பகுதியில் பியானோவுக்கு ஒரு ஜி மைனர் மெட்டு வருகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து மொசார்ட் எழுதப்போகும் 40ஆம் சிம்ஃபனியின் தொடக்கத்தை நினைவூட்டுவது. ஒருமுறை முகம் காட்டிவிட்டுப் போய்விடும். கேடன்சாவில் அதை அழைத்து வருவதைவிட அழகான காரியம் என்ன இருக்கிறது! டி மைனரில் அதன் தலையை வாசியுங்கள், பேஸ் சி ஷார்ப்–டி. அதையே ஒரு படி இறக்கி சி மைனரில், பேஸ் பி–சி. சி அடியில் வருகிறதே என்று பயப்பட வேண்டாம், மைனராக இருப்பதால் வீடு வந்துவிட்ட உணர்வு எழாது. அங்கிருந்து பேஸ் நின்று நிதானமாக இறங்கட்டும்: சி, பி ஃபிளாட், ஏ ஃபிளாட். ஏ ஃபிளாட்டின் மேல் சி–இ ஃபிளாட்–எஃப் ஷார்ப். இந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் காத்திருங்கள். ஏ ஃபிளாட் கீழேயும் எஃப் ஷார்ப் மேலேயும் நழுவி இரண்டும் ஜியில் சந்திக்கும். இ ஃபிளாட் இயாக மலரும். தொடங்கிய அதே ஜி–சி–இ, இப்போது இருட்டிலிருந்து வெளியே வந்ததாகக் கேட்கும். இதைத் தனியாக இருபது முறை மிக மெதுவாக வாசித்துக் கேளுங்கள்.

பிறகு ஓட்டம். கீழிருந்து மேலே போகலாம், ஆனால் நடு சிக்கு இரண்டு ஆக்டேவ் மேலுள்ள சியைத் தாண்டி வரும் எஃப்போடு நின்றுவிடுங்கள். மொசார்ட்டின் பியானோ எஃப்பிலிருந்து எஃப் வரை ஐந்து ஆக்டேவ், 61 கட்டைகள். அதற்கு மேலே போனால், ஏன் என்று தெரியாவிட்டாலும், கேட்பவர் காதுக்கு வேறு காலத்து இசை நுழைந்துவிட்டது தெரியும். இரண்டு கை ஆக்டேவ் இடி முழக்கமும், பெடலை அழுத்திய ஆர்பெஜியோ மூட்டமும் அப்படித்தான்.

வழிதவறுவதைப் பற்றி டானியல் கோட்லோப் டியூர்க் 1789இலேயே தம் கீபோர்டு நூலில் எழுதியிருக்கிறார்: அந்தப் படைப்பே போகாத சுருதிகளுக்குக் கேடன்சா போகக் கூடாது. அவரே இன்னொன்றும் சொல்கிறார், முன்கூட்டி எழுதி மனப்பாடம் செய்த கேடன்சாவானாலும் அந்த நொடியில் பிறந்தது போல வாசிக்க வேண்டும் என்று. ஆக, முன் தயாரிப்பு குற்றமில்லை. மூன்று தொடக்கம், மூன்று நடு, மூன்று முடிவு தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள். 27 விதமாகச் சேரும். எதை எதோடு என்பதை உட்கார்ந்த பின் முடிவுசெய்யுங்கள். இணைக்கும் இரண்டு மூட்டுகள் மட்டும் அன்றைக்குப் புதிதாகப் பிறக்கும். சில மாதங்களில் துண்டுகளும் தாமாக உருமாறத் தொடங்கும்.

தவறான சுரம் விழுந்தால் நிற்காதீர்கள். அதே துண்டை, அந்தத் தவறோடு, ஒரு படி கீழே திரும்ப வாசியுங்கள். இரண்டாம் முறை வந்தால் கேட்பவருக்கு அது வேண்டுமென்றே செய்தது. துடிப்பை விடுவதுதான் உண்மையான பிழை.

மெதுவான பகுதிகளில் மெட்டை அணி செய்வது தனிக் கலை. அதற்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். மொசார்ட்டின் எஃப் மேஜர் சொனாட்டா, கே. 332, நடுப்பகுதி. கையெழுத்துப் பிரதியில் மெட்டு திரும்பி வரும்போது வெறுமையாக இருக்கிறது. 1784இல் அச்சானபோது அதே இடம் அணிகளோடு வந்தது. நல்ல பதிப்புகள் இரண்டையும் மேலும் கீழுமாகத் தரும். எந்தச் சுரத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தப் பழக்கம் போயிற்று என்ற கேள்விக்குச் சுருக்கமாக: எழுதப்பட்ட சுரத்தின் மீதான மரியாதை வளர்ந்தது. பீத்தோவனே 1809இல் முடித்த ஐந்தாம் கன்செர்ட்டோவின் முதல் பகுதியில், இங்கே கேடன்சா வாசிக்க வேண்டாம், நேரே அடுத்ததற்குப் போகவும் என்று எழுதிவிட்டார். பிறகு போட்டிகளும் இசைத்தட்டும் வந்தன. ஆனாலும் முழுக்கச் செத்துவிடவில்லை. பியானோ கலைஞர் ராபர்ட் லெவின் மொசார்ட் கேடன்சாக்களை மேடையில் அப்போதே உண்டாக்குகிறார். இன்னொரு பியானோ கலைஞர் கேப்ரியேலா மொன்டேரோ அரங்கிலிருந்து ஒரு மெட்டைக் கேட்டு வாங்கி வாசிக்கிறார். இருவரையும் கேளுங்கள், முதல் முறை இடது கையை மட்டும்.

டீச்சரிடம் வாதாட வேண்டாம். அச்சிட்ட கேடன்சாவையும் படித்து வையுங்கள், மேலே சொன்ன பேஸ் வழி அதற்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் சொந்தக் கேடன்சாவைத் தோழியோடு வாசிக்கும் நாளில் அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். டிரில் தொடங்குமுன் இடது கை ஜி–பி–எஃப்பைத் தெளிவாக அழுத்தும். வலது கை டிரில்லை மேலே உள்ள இயில் தொடங்கி இரண்டு முழு பார் நிற்கும். கடைசியில் சி–டி என்று ஒரு வால் சுழலும். வால் கேட்டதும் அடுத்த சியில் அவர் நுழைய வேண்டும். நடுவில் வேறெங்கும் டிரில் வாசித்து அவரை ஏமாற்றிவிடாதீர்கள்.