10சிசியின் ‘தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்’: கேள்வி பதில்

பிரிட்டிஷ் ராக் குழுவான 10சிசியின் ஆல்பம், 1975 மார்ச்சில் வந்தது. ஒலிப்பதிவு பற்றிக் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

கே: பெயரைப் பார்த்தால் படப்பாடல் மாதிரி இருக்கிறதே, எந்தப் படம்?

ப: படமே கிடையாது, பெயர் ஒரு குறும்பு. அட்டையில் படத்தொகுப்பு மெஷின் வரைந்தவர் ஹம்ப்ரி ஓஷன்.

கே: இதில் வரும் ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ பாட்டின் பின்னணியில் கேட்பது மெல்லோட்ரானா (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு), சின்தசைசரா?

ப: இரண்டும் இல்லை, மனிதக் குரல். முதலில் போஸநோவா என்ற பிரேசில் தாளத்தில் போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. குரல்களை மட்டும் வைத்துச் செய்யலாம் என்றவர் குழுவின் கெவின் காட்லி; சுரம் நிற்காமல் ஒலிக்க டேப்பை வளையமாக ஓட்டலாம் என்பது லால் கிரீமின் யோசனை. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் இவர்கள் இருவரும் கிரஹாம் கோல்ட்மேனும் ஒரே சுரத்தை 16 தடவை பாட, குழுவின் நான்காமவர் எரிக் ஸ்டூவர்ட் பதிவு செய்தார். ஒரு சுரத்துக்கு 48 குரல். அதை ஸ்டீரியோவாகச் சுருக்கி, சுமார் 12 அடி டேப்பை வளையமாக ஒட்டினார்கள். ஒட்டிய இடம் மெஷினில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் தாண்டும்போதெல்லாம் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கும். வளையம் நீண்டால் அந்த டிக் அடிக்கடி வராது. மெஷினுக்கு வெளியே நீண்ட டேப், மைக் ஸ்டாண்டில் மாட்டிய உருளையைச் சுற்றி ஓடியது.

இப்படி 13 சுரம், அதாவது ஒரு ஸ்தாயியின் 12 அரைச்சுரமும் மேல் சட்ஜமும். 16 டிராக் மெஷினில் 13 டிராக் அதற்கே போனது. பிறகு நால்வரும் மிக்சர் முன் உட்கார்ந்து, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற மாற, ஒவ்வொரு சுரத்தின் ஒலியளவுக்கான ஃபேடர்களை ஏற்றி இறக்கினார்கள். எந்த ஃபேடரும் முழுசாக அடியில் போய்விடாதபடி கீழே டேப் ஒட்டியிருந்தது. அதனால் 13 சுரமும் எப்போதும் லேசாக முனகிக்கொண்டே இருக்கும். பாட்டின் பனிமூட்டம் அதுதான்.

கே: 256 குரல் என்று படித்தேனே?

ப: 3×16=48, 48×13=624. 256ஐ 48ஆல் வகுத்தால் மீதி விழுகிறது. இந்த முறையில் அந்த எண் வரவே வராது.

கே: 13ஆவது சுரம் முதல் சுரம்தானே? 576 என்பதுதான் சரி.

ப: பெயர் ஒன்று, ஸ்தாயி வேறு, தனியாகத்தான் பாட வேண்டும். எண்ணிக்கையை விட முக்கியமான விஷயம், ஒரு நேரத்தில் தூக்கலாகக் கேட்பது மூன்று நான்கு சுரம், அதாவது 144 முதல் 192 குரல்.

கே: வீட்டுக் கணினியில் இதைச் செய்ய முடியுமா?

ப: முடியும். ஒவ்வொரு சுரத்தையும் 15 விநாடி இழுத்துப் பாடுங்கள். தொடக்கத்தையும் மூச்சுச் சத்தத்தையும் வெட்டுங்கள். வளையம் சேருமிடத்தில் ஒன்றிரண்டு விநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழுவது) கொடுங்கள். வளையங்கள் 9, 11, 13 விநாடி என்று வெவ்வேறு நீளத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லா ஒட்டும் ஒரே நேரத்தில் விழுந்து மூச்சிரைக்கிற மாதிரி கேட்கும். 48 குரல் சேர்ந்தால் மட்டம் சுமார் 17 டெசிபல் ஏறும், முதலிலேயே குறைத்துவிடுங்கள். ஃபேடரைப் பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள். சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் வேண்டாம். ஒரு டேக்கைக் காப்பி எடுத்து அடுக்காதீர்கள்: கோரஸ், அதாவது பலர் சேர்ந்து பாடும் உணர்வு, வராது, சத்தம்தான் கூடும்.

கே: ஒரே டேக்கை 48 காப்பி எடுத்தால்…

ப: மேலே கடைசி வரி. சுருதியில் இருக்கும் சிறு பிசகுதான் கோரஸ்.

கே: நடுவில் கிசுகிசுக்கும் பெண்?

ப: கேத்தி ரெட்ஃபர்ன், ஸ்டூடியோவின் வரவேற்பாளர்.

கே: டிரம்மர் யார்?

ப: அந்தப் பாட்டில் டிரம் செட் கிடையாது. இதயத்துடிப்பு மாதிரி வருவது காட்லி மூக் சின்தசைசரில் வாசித்தது.

கே: கிரிக்கெட் பற்றி வருமே, ‘டிரெட்லாக் ஹாலிடே’, அது இதில்தானே?

ப: இல்லை. 1978, ‘பிளடி டூரிஸ்ட்ஸ்’. அதற்குள் காட்லியும் கிரீமும் விலகிவிட்டார்கள்.

கே: டவுன்லோடு லிங்க்?

ப: கடையில் கேளுங்கள்.

கே: அப்படியானால் 256 என்பது…

ப: 48ஆல் வகுத்துப் பாருங்கள்.