பந்தம் கொளுத்துவதற்கு முன்

வணக்கம் ஐயா,

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரமாகக் குடியிருக்கிறோம். கடந்த பங்குனியில் ஒரு முற்பகல், கிணற்றடி மாமரக் கொப்பில் பலாக்காய் அளவுக்குத் தேனீக்கள் திரண்டு தொங்கின. பக்கத்து வளவு அண்ணை மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு வந்துவிட்டார். மாமி குறுக்கே நின்று தடுத்தார். மறுநாள் மத்தியானம் அவை தாமாகவே எழும்பிப் போய்விட்டன. இப்போது ஐப்பசி முதல் மழை விட்ட அன்றிரவு வீடு முழுக்க ஈசல். சின்ன மகன் பயந்து அழுதான். போதாததற்கு, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய பாலை மரத்தில் பெருந்தேனீ வதை கட்டியிருக்கிறது. இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை அதன் பாட்டில் விடலாம்? மாமரத்துக்குத் தேனீ திரும்பவும் வந்தால் பெட்டியில் வைத்து வளர்க்க முடியுமா?

வாசகி ஒருவர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமி செய்ததுதான் சரி. ஒரு திரளைக் கண்டதும் எத்தனை பூச்சி என்று பார்த்து நாம் பயப்படுகிறோம். பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அங்கே காப்பதற்கு அவற்றுக்கு வதையோ குஞ்சோ இருக்கிறதா என்பதைத்தான். நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்றாவதற்கு இருக்கிறது, ஆகவே பயமும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மாமரத்தில் தொங்கியவை பொந்துத்தேனீக்களாக இருக்க வேண்டும். பூக்கள் நிறைந்த காலத்தில் ஒரு கூடு பெருத்து இடம் போதாமற் போகும்போது, வேலைக்காரத் தேனீக்கள் புதிய இராணிகளை வளர்க்கத் தொடங்கும். அந்தப் புதிய இராணி வெளியே வருவதற்கு முன்னரே பழைய இராணி கூட்டில் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடும். தாய் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. புறப்படும் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு வந்து, கிட்டவுள்ள ஒரு கொப்பில் இராணியைச் சுற்றித் தொங்கும். அவற்றுக்கு அங்கே வதையும் இல்லை, குஞ்சும் இல்லை, திருட்டுப் போகத் தேனும் இல்லை. கல்லெறியாமல், புகை போடாமல், தண்ணீர் பீச்சாமல் விட்டால் அவை ஒருவரையும் தேடி வந்து குத்துவது அரிது.

சற்றுத் தள்ளி நின்று அந்தத் திரளின் மேற்பரப்பைப் பொறுமையாகப் பார்த்தால், அசையாமல் இருக்கும் தேனீக்களுக்கு மேலே ஒருசில தேனீக்கள் மட்டும் வாற்பக்கத்தை ஆட்டியபடி ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்ப ஓடுவதைக் காணலாம். அவைதாம் வீடு பார்க்கப் போய் வந்தவை. ஓடும் திசையாலும் ஓட்டத்தின் நீளத்தாலும், தாம் கண்ட பொந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று மற்றவற்றுக்குச் சொல்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜேர்மன் ஆய்வாளர். 1973 இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷின் மாணவரான அவர், பின்னர் இலங்கைக்கே வந்து நமது பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, பெருந்தேனீ மூன்றின் ஆட்டங்களையும் ஆராய்ந்து 1956 இல் எழுதினார். பல தேனீக்கள் பல பொந்துகளுக்காக ஆடினாலும், நேரம் போகப்போக நல்ல பொந்துக்கு ஆடுபவை கூடிக்கொண்டே வரும், மற்றவை ஓயும். அதன்பின் முழுத் திரளும் ஒரே மூச்சில் எழும்பும். மறுநாள் மத்தியானம் நீங்கள் கண்டது அதுதான். மாமி அண்ணையின் பந்தத்தைத் தடுக்காமல் விட்டிருந்தால், பங்குனிச் சருகில் தீப்பொறி விழுந்து உங்கள் வேலியும் சேர்ந்து எரிந்திருக்கக்கூடும்.

ஈசல் இன்னும் சாது. அதற்குக் கொடுக்கே இல்லை. அது கறையானின் இறகு முளைத்த ஆணும் பெண்ணுந்தான். முதல் மழையில் மண் இளகியதும் வேலைக்காரக் கறையான்கள் புற்றிலும் நிலத்திலும் சின்னச் சின்னத் துவாரங்களைத் திறந்துவிடும். பெரிய தலையுள்ள காவற்கறையான்கள் துவாரத்தின் விளிம்பில் வரிசையாக நிற்க, ஈசல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரே அயலிலுள்ள பல புற்றுகள் ஒரே பொழுதில் இப்படித் திறப்பதால், கரிக்குருவி, புலுனி, ஓணான், தவளை, எறும்பு எல்லாம் வயிறு புடைக்கத் தின்ற பின்னும் சில தப்பிவிடும். காலையில் நீங்கள் கூட்டி அள்ளிய இறகுகள் பிய்ந்து விழுந்தவை அல்ல. அடிப்பகுதியில் முன்கூட்டியே ஒரு கோடு இருக்கிறது. தரையில் இறங்கியதும் அந்தக் கோட்டில் இறகைத் தானே உதிர்த்துவிட்டு, பெண் முன்னே போக ஆண் அதன் பின்னாலேயே ஒட்டினாற்போல ஓடும். ஈர மண் கிடைத்தால் இரண்டும் துளைத்து உள்ளே போய்ப் புதுப் புற்றுக்கு அடி போடும். உங்கள் சீமெந்துத் தரையில் அதற்கு வழியில்லை. எனவே வீட்டுக்குள் வந்த ஈசலால் நாளைக்குக் கூரைமரம் அரிபடும் என்று பயப்பட வேண்டாம். வளையையும் நிலையையும் தின்பவை ஏற்கெனவே நிலத்துக்கு அடியில் இருந்து மண்குழாய் கட்டி ஏறி வருபவை. மழை விட்ட அன்று பொழுதுபடும் நேரத்தில் வீட்டு லைட்டுகளை அணைத்துவிட்டு, முற்றத்தில் ஒரு லைட்டை மட்டும் எரியவிட்டு அதன் கீழ் ஒரு பேசின் தண்ணீர் வையுங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டினால், அடுத்த மழைக்கு அவனே பேசினைத் தூக்கிக்கொண்டு வருவான்.

பாலை மரத்து விடயம் வேறு. பெருந்தேனீ பொந்துக்குள் இருப்பதில்லை. வெட்டவெளியில், உயர்ந்த கொப்பின் கீழ், ஒற்றை வதையாகக் கட்டும். தேனும் குஞ்சும் திறந்தபடி கிடப்பதால் அவற்றை மறைக்கும் சுவர் தேனீக்களின் உடம்புகள்தாம். குளவி கிட்ட வந்தால் அந்தச் சுவரில் ஓர் அலை ஓடுவதைக் கீழே நின்றே பார்க்கலாம்: தேனீக்கள் அடுத்தடுத்து வாலை உயர்த்தி இறக்குவதால் உண்டாகும் அலை அது. அதைக் கண்டால் நின்று இரசிக்காமல் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலான விபத்துகளை நடந்து போகிறவர் தொடக்குவதில்லை. தேன்பருந்து வதையில் பாய்ந்துவிட்டுப் போக, அல்லது யாரோ ஒரு பொடியன் கல்லெறிந்துவிட்டு ஓட, கோபம் அந்த நேரம் கீழே வந்தவர்மேல் இறங்குகிறது. ஒரு தேனீ குத்தியதும் அதன் கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனையுள்ள ஒரு பொருள் பரவும். மற்றவற்றுக்கு அதுவே அழைப்பு. ஆகையால் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருந்தால், வதை இருக்கும் வரைக்கும் அந்த வழியே போகட்டும். வதையை அகற்றத்தான் வேண்டுமென்றால், காட்டுத்தேன் எடுத்துப் பழகியவர் இரவில் வந்து செய்யட்டும். அவர்கள் பந்தத்தில் தேடுவது புகையைத்தான், நெருப்பை அல்ல.

மீறி ஒரு நாள் கலைந்து வந்தால், நின்று கையை விசிறாமல் முகத்தையும் கண்ணையும் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கதவு சாத்தக்கூடிய ஓர் இடத்துக்குள் போக வேண்டும். குளத்தில் குதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தேனீக்கள் மேலே காத்திருக்கும், நீங்களோ மூச்செடுக்கத் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தோலில் நின்ற கொடுக்கு கழன்ற பின்னும் நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், நகத்தாலோ எதாலோ உடனே வழித்தெறியுங்கள். சுண்ணாம்பு தேடிப் பொழுதைப் போக்க வேண்டாம். மூச்சு இழுத்தால், நாக்கோ உதடோ வீங்கினால், தலை சுற்றினால் ஒரே ஒரு கொட்டு என்றாலும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அங்கே போடும் அட்ரினலின் ஊசிக்கு வீட்டு மருந்து ஈடாகாது. நிறையக் கொட்டு வாங்கியவர் சுகமாக எழும்பி நடந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பிந்தியும் தாக்கக்கூடும். குளவிக்கும் இதே பேச்சுத்தான். ஆனால் அதன் கொடுக்கு கழலாது. ஒரே குளவி பலதடவை குத்தும். வேலிப் பத்தையை வெட்டுவதற்கு முன் உள்ளே கடதாசி போன்ற கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கத்தியை வையுங்கள்.

பெட்டி வளர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வளர்க்கலாம். பொந்துத்தேனீ மட்டுந்தான் பெட்டிக்கு வரும். கொம்புத்தேனீயும் பெருந்தேனீயும் வெளியில் கட்டுபவை, அடைத்து வைத்தால் நில்லாமல் போய்விடும். கொப்பில் தொங்கும் திரளை முதன்முதலில் தனியே இறக்கப் பார்க்காதீர்கள். பழகிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபமான வழி, மாசி கடைசியிலேயே வெறும் பெட்டி ஒன்றையோ பெரிய மண்முட்டியையோ உள்ளே தேன்மெழுகு பூசி, மர நிழலில் இடுப்புயரத்துக்கு மேல் வைத்துவிடுவது. வீடு தேடி வருபவை தாமாகவே அதைப் பார்த்துவிட்டுப் போகும். பெட்டி நிற்கும் கால்களைத் தண்ணீர் விட்ட பேணிகளில் இறக்கி வைத்தால் எறும்பு ஏறாது. எறும்பும் மெழுகுப்பூச்சியும் தொல்லைப்படுத்தினால் இந்தத் தேனீ ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பறந்துவிடும், ஆகவே பேணியில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. பெட்டியின் வாசல் சிறிதாக இருக்கட்டும். கச்சான் காற்று நேரே அடிக்காத பக்கம் பார்த்து, பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.