ஹாலில் டிராகுலாவை மாட்டலாமா?

கேள்வி: பழைய ஹாலிவுட் பேய்ப்படங்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். புது வீட்டு ஹாலில் 1931-இல் வந்த டிராகுலா, ஃப்ராங்கன்ஸ்டைன் போஸ்டர்களின் மறுபதிப்புகளை வரிசையாக மாட்ட ஆசை. மாமியாரோ, "விளக்கேற்றுகிற வீட்டில் பேய்ப்படமா?" என்கிறார். ஆறு வயதுப் பையன் வேறு இருக்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: மாட்டுங்கள், ஆனால் ஹாலில் வேண்டாம். உங்கள் அத்தை சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஹால் எல்லோருக்கும் பொது, காலையில் காபி டம்ளரோடு வந்து உட்கார்கிறவர் கண்ணெதிரே என்ன இருக்கலாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. மாடிப்படிச் சுவர், புத்தக அறை, நீங்கள் படம் பார்க்கும் அறை, இவைதான் சரியான இடம். பையன் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரிசையாக மாட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சுவருக்கு ஒரு போஸ்டர் போதும். அதையும் பயங்கரமான முகமாகப் பார்த்து எடுக்காமல் ஓவியம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். 1930களில், இந்தப் படங்களை எடுத்த யுனிவர்சல் நிறுவனத்தின் விளம்பர ஓவியப் பிரிவை நடத்திய கரோலி க்ரோஸ் ஹங்கேரியில் பிறந்தவர். அவர் கைவண்ணமான 'தி மம்மி' (1932) போஸ்டர் 1997-இல் நியூயார்க் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது. அதன் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தால் அது பயமுறுத்த வந்த படம் என்பதே மறந்துபோகும். அப்படிப்பட்ட ஒன்றை வெளிறிய சுவரில் மாட்டி, மேலே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மண்டையோடு, சிலந்தி வலை, சிவப்பு பல்பு எல்லாம் சேர்த்தால் அந்த ஓவியனின் உழைப்பு கண்ணில் படாது.

கேள்வி: 1950களின் அசல் அமெரிக்க போஸ்டர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எட்டாக மடித்த தடம் அப்படியே இருக்கிறது. அயர்ன் பண்ணி லேமினேட் செய்துவிடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்! அந்த மடிப்பு பழுதே இல்லை. 1980களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் பெரும்பாலான போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். 27-க்கு 41 அங்குலத் தாளை நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் மூன்று மடிப்பு என்று மடித்தால் எட்டுக் கட்டங்கள் வரும், உங்களிடம் இருப்பது அதுதான். லேமினேஷனில் சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது, போஸ்டரின் விலையும் அன்றோடு போயிற்று.

மடிப்பு கண்ணை உறுத்தினால் லினன் பேக்கிங் செய்பவரிடம் கொடுங்கள். துணியின் மேல் மெல்லிய தாள் ஒட்டி, அதன் மேல் போஸ்டரை மாவுப் பசையால் ஒட்டுவார்கள். நம் தெருவில் போஸ்டர் ஒட்டுகிறவர் வாளியில் கலக்கும் மைதாப் பசைக்கு இதுவும் ஒரு வகையில் உறவுதான், ஆனால் பிற்பாடு ஈரம் காட்டிப் பிரித்தெடுக்க முடிகிற மாதிரி பக்குவமாகச் செய்வார்கள். மாவு என்பதால் இராமபாணப் பூச்சிக்கும் பிடிக்கும், ஃப்ரேமின் பின்பக்கத்தை இடைவெளியில்லாமல் மூடச் சொல்லுங்கள்.

ஃப்ரேம் கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். பின்னால் அமிலம் இல்லாத அட்டை வேண்டும், சாதாரண ஹார்ட்போர்டு சில வருடங்களிலேயே தாளைப் பழுப்பாக்கிவிடும். முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போடுங்கள். தாளும் அக்ரிலிக்கும் ஒட்டாமல் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். செலோடேப் எங்கேயும் படக்கூடாது. இவ்வளவு செய்தாலும் நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம். தெருவில் பல நாள் வெயிலில் நின்ற போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும் ஓடிப்போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரும் வேண்டாம், ஓதம் ஏறும்.

கேள்வி: அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். அந்தக் காலத்து ஒன்-ஷீட், அதாவது வழக்கமான ஒற்றைத் தாள் போஸ்டர், 27-க்கு 41 அங்குலம், தியேட்டர் முகப்பில் வைக்கிற லாபி கார்டு 11-க்கு 14. 24-க்கு 36 என்று வந்தால் அநேகமாகக் கடைகளுக்கென்று அச்சடித்ததுதான். 1940 முதல் பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் போஸ்டர் விநியோகம் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருந்ததால் கீழ் ஓரத்தில் ஓர் எண் இருக்கும், அதில் முதல் இரண்டு இலக்கம் வருடம். முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறு வெளியீட்டுக்கு அச்சடித்தது, அதுவும் அசல்தான், விலை மட்டும் குறையும். 1931 டிராகுலாவின் அசல் பிரதி ஒன்று 2017 ஏலத்தில் 5,25,800 டாலருக்கு விற்றது, ஆகவே ஐயாயிரம் ரூபாய்க்கு 'ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லியே விற்பவரிடம் வாங்கி மகிழ்ச்சியாக மாட்டுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கேள்வி: நம்மூர்ப் பேய்ப்பட போஸ்டர்கள் கிடைக்குமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கஷ்டம்தான், ஏனென்றால் நாம் அவற்றைச் சுவரில் ஒட்டித் தீர்த்துவிட்டோம். ஒட்டாமல் தப்பித்தவைதான் மிச்சம். விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978), இந்தியில் ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) மாதிரிப் படங்களுடையது எப்போதாவது பழைய பொருள் கடைகளில் தலைகாட்டும். பெரிய தாள் கிடைக்காவிட்டால் பாட்டுப் புத்தகம் தேடுங்கள். அட்டையில் அதே ஓவியம் சின்ன அளவில் இருந்தால், ஏழெட்டுப் புத்தகங்களை ஒரே ஃப்ரேமில், ஒட்டாமல் மூலைகளை மட்டும் காகித முக்கோணங்களில் செருகி மாட்டலாம். மூடிய தியேட்டர் ஏதாவது உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் பழைய ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பரணில் சுருட்டி வைத்திருக்கக்கூடும்.