வாசகர் கேள்வி: பினாங்கு எவ்வளவு தூரம்?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்கு மேல் 10 மணிக்குள் உறவினர் திருமணம். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே 293 கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 355 என்று வேறோர் இடத்திலும் பார்த்தேன். பயண நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்கிறது டிக்கெட். பறப்பது முக்கால் மணி நேரம்தான் என்கிறார் நண்பர். எது சரி? காலை 7.15 விமானத்தில் புறப்பட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியுமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு தூரங்களும் சரியே. நகர மையத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 293 கிலோமீட்டர். ஈப்போ வழியாக நெடுஞ்சாலையில் சென்று பினாங்குப் பாலத்தைக் கடந்தால் ஏறத்தாழ 355. ஆனால் விமானப் பயணிக்கு இவ்விரண்டும் பொருந்தாது. கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏ சிப்பாங்கில், நகருக்குத் தெற்கே இருப்பதால், வடக்கே போக வேண்டிய நீங்கள் முதலில் 57 கிலோமீட்டர் ரயிலில் தெற்கே போகிறீர்கள். அங்கிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வான்வழியே சுமார் 325 கிலோமீட்டர். நகருக்கு அருகிலுள்ள மற்றொரு விமான நிலையமான சுபாங்கிலிருந்து புறப்பட்டால் சுமார் 280தான்.

நேரக் கணக்கிலும் உங்கள் நண்பரை மறுக்க முடியாது. டிக்கெட்டில் இருப்பது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அங்கே காத்திருப்பதும் அதில் அடங்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானம் 325 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் கடந்துவிடாதா என்று தோன்றலாம். ஆனால் 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்படுவதாலும், இவ்வளவு குறுகிய வழித்தடத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதாலும், முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பமே. சுபாங்கிலிருந்து செல்லும் ஏடிஆர் விமானம் விசிறி வைத்தது, வேகம் குறைந்தது. ஆயினும் இத்தடத்தில் அதன் பயண நேரம் ஜெட் விமானத்தின் நேரத்தை ஒட்டியே இருப்பதற்கு, ஜெட் முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பம் என்பதும், சுபாங்கிலிருந்து தூரம் குறைவதும் காரணம். சிப்பாங்கில் தென்கிழக்கு நோக்கி மேலெழும்பும் நாளில் விமானம் வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் சில நிமிடங்கள் கூடும். மாலை இடிமழையும் அப்படித்தான்.

இனி உங்கள் திருமணம். 7.15 விமானம் 8.20க்கு வந்து நிற்கும். கைப்பை மட்டும் இருந்தால் 8.40க்கு வெளியே வரலாம். அங்கிருந்து ஜார்ஜ்டவுன் 16 கிலோமீட்டர், வாடகைக் காரில் அரை மணி நேரத்துக்குக் குறையாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 9.15க்கு மண்டபத்தில் இருப்பீர்கள். விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தால் தாலி கட்டியாகியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருப்பவருக்கு கேஎல் சென்ட்ரல் நடை தூரம் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே இடிஎஸ் எனும் மின்சார விரைவு ரயிலில் ஏறுவதே என் யோசனை: பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம், பிறகு ஃபெரியில் கால் மணி நேரம். விமான நிலையத்துக்குப் போவதையும் காத்திருப்பதையும் கூட்டிப் பார்த்தால் விமானத்தில் மிச்சமாவது மிகக் குறைவு. கடைசி ஃபெரிக்கு முன்பாகச் சேரும் ரயிலாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.