யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம் பேருந்து நிலையத்தில், பணப்பை தொலைந்துவிட்டது, ஈப்போ போக வேண்டும் என்று அழுத இளைஞனுக்கு 50 வெள்ளி கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதே ஆள் சந்தையில் அதே கதையை வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் மகன் கடிந்துகொண்டான். சென்ற வாரம் கைக்குழந்தையோடு உதவி கேட்டு வந்த பெண்ணை நின்று பார்க்காமலேயே வந்துவிட்டேன். குழந்தைக்கு ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. யாரைத்தான் நம்புவது? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: அன்புள்ள சகோதரி, நின்று பார்க்கவில்லை என்கிறீர்கள், ஆனால் காலுறையைப் பார்த்திருக்கிறீர்கள்.

முகத்தைக் கொண்டு ஆளை எடைபோடும் திறமை உங்களுக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டதாக எண்ண வேண்டாம். அன்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால், பத்து வாசல் தாண்டுவதற்குள் "எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை?" என்று மூன்று பேராவது கேட்டிருப்பார்கள், பதில் ஒட்டவில்லையென்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீடு வரைக்கும் செய்தி போயிருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் மக்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த வாசல்களும் போய்விட்டன. எனவே அந்தக் கேள்வியை இப்போது நீங்களேதான் கேட்க வேண்டும். எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் எண்ணை வாங்கி உங்கள் கைத்தொலைபேசியில் நீங்களே அழைத்துப் பேசுங்கள். தொலைபேசியைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, காசாகக் கொடுக்காமல் தேவையாகக் கொடுங்கள். ஊருக்குப் போக வேண்டுமென்றால் பயணச்சீட்டு, பசியென்றால் ஒரு பொட்டலம் நாசி லெமாக். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் அரசாங்கக் கிளினிக் வரை கூடவே நடங்கள். அங்கே குடிமக்களுக்குப் பொதுச் சிகிச்சைக் கட்டணம் 1 வெள்ளிதான். நான் ஒருமுறை இப்படிச் சீட்டு வாங்கித் திரும்புவதற்குள் கேட்டவர் மறைந்துவிட்டார். சீட்டை வீணாக்க மனமில்லாமல் நானே ஈப்போ போய்வந்தேன்.

ஒன்றில் மட்டும் இரக்கம் வேண்டாம். "என் வங்கி அட்டை கெட்டுவிட்டது, உங்கள் கணக்கில் பணம் போடச் சொல்கிறேன், எடுத்துக் கொடுங்கள்" என்று யார் கெஞ்சினாலும் நகர்ந்துவிடுங்கள், ஏனெனில் அது வேறொருவரிடம் ஏமாற்றிய பணமாக இருந்தால் காவல்துறை முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். தக்க காரணமின்றித் தன் கணக்கையோ அட்டையையோ பிறர் கையில் விடுவதே 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். கணக்கிலிருந்து பணம் பறிபோனதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள்.

அந்த இளைஞனிடம் போன 50 வெள்ளிக்காக வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்ல. உங்கள் மகனிடமும் இதைச் சொல்லலாம்.

அந்தப் பெண் இன்னும் ஊரில்தான் இருக்கக்கூடும். கண்டால் முதலில் குழந்தையின் பெயரைக் கேளுங்கள், பிறகு எந்த ஊர் என்று கேளுங்கள். வீட்டுக்குத் திரும்ப அஞ்சுகிறாள் என்று தெரிந்தால், மகளிர் அமைச்சின் 15999 என்ற உதவி எண்ணை அவள் எதிரிலேயே அழைத்து அவளைப் பேச வையுங்கள். பையில் ஒரு சோடிக் காலுறையும் இருக்கட்டும்.